பழைய அடி

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவர் எங்கள் அலுவலகத்தில் ஆய்வு செய்தவை, நான் பார்த்த வரிசையில்: வாசல் கதவின் கீழ்மூலை, காப்பி மெஷினின் பக்கவாட்டு, என் மேஜை, மேஜைமேல் இருந்த பீங்கான் குவளை, கடைசியாக நான். குவளையின் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அவர் அதைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, பெயர்ந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்தார்.

"பழைய அடி" என்றார்.

"நேத்துதான் சார் உடைஞ்சுது. சிங்க்ல இடிச்சுட்டேன்."

"எல்லாரும் அப்பிடித்தான் மா சொல்வாங்க."

கோபமே இல்லாமல் சொன்னார். குவளையை வைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விட்டார். மாலைக்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நேற்றா உடைந்தது, போன வாரமா?

அவர் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். விபத்தில் அடிபட்ட வண்டியைப் பார்த்து, இந்த நசுங்கல் இந்த விபத்தில் ஆனதா, முன்பே இருந்ததா என்று சொல்வதுதான் அவருடைய வாழ்நாள் வேலை. முன்பே இருந்தது என்று அவர் எழுதிவிட்டால் கம்பெனி பணம் தராது. அவர் பெரும்பாலும் அப்படித்தான் எழுதினார் என்பதை அடுகோடியில் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே டிங்கரிங் பட்டறை வைத்திருந்த பாயிடமிருந்து தெரிந்துகொண்டேன். அவர் மாடிப்படி ஏறுவதை முதன்முதலில் பார்த்த அன்று பாய் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

"மேடம், இந்த சர்வேயர் சாபு உங்க கிட்டயா வேலைக்கு வந்திருக்காரு? நீங்க கோயிலுக்குத்தானே ஏதோ பண்றீங்க?"

"ஆமா பாய்."

"போச்சு. இனிமே சாமிக்கே க்ளெய்ம் கிடைக்காது."

நாங்கள் கோயிலுக்கு என்ன பண்ணிக்கொண்டிருந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். பெங்களூரின் விளிம்புகளில், இந்த ஊரைவிட வயதான சின்னச் சின்னக் கோயில்கள் நிறைய உண்டு. முன்பு ஒரு மாதம் தூறித் தீர்த்த மழை இப்போது ஒரே சாயங்காலத்தில் கொட்டுகிறது. பிறகு கல் வெடிக்கிற மாதிரி வெயில். இடுக்கில் வைத்த சுண்ணாம்பு கரைகிறது, அடிமண் நகர்கிறது, தூண்கள் மெல்லச் சாய்கின்றன. ஒவ்வொரு கோயிலுக்கும் ஓர் ஆளை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்ல யாராலும் முடியாது. ஆகவே கேமரா பொருத்தி, தினமும் படமெடுத்து, நேற்றைய கல்லுக்கும் இன்றைய கல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று கணினியைப் பார்க்கவைக்கிறோம். ஆபத்து என்றால் அது முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். ஆயிரம் வருடத்துக் கோயிலில் விரிசல் இல்லாத இடமே கிடையாது. எது என்றைக்கோ வந்த விரிசல், எது இந்த மழையில் வந்தது என்று கணினிக்கு யாராவது கற்றுத்தர வேண்டும். ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்து, ஒவ்வொன்றிலும் 'பழசு' அல்லது 'புதுசு' என்ற பொத்தானை அழுத்த ஓர் ஆள் தேவை. எங்கள் நிறுவனர் யோசித்தார். பல வருடங்களுக்கு முன்னால் அவருடைய கார்க் கதவில் இருந்த கீறலுக்கு இன்சூரன்ஸ் கேட்டபோது, ஒரே ஒரு புகைப்படத்தை வைத்து "இது போன தீபாவளிக்கு முந்தையது" என்று சொல்லி நிராகரித்த ஒருவர் அவர் நினைவுக்கு வந்தார். அவர் சொன்னது உண்மைதான் என்பது நிறுவனருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். அந்த அவமானத்தைத் தேடிப்பிடித்து வேலைக்கு எடுத்தார்.

அவர் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவர். தமிழில் ஆரம்பித்து கன்னடத்தில் முடிப்பார், நடுவில் பாயோடு உருதுவில் சண்டை போடுவார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். வண்டியில் வைத்தால் ஒட்ட வேண்டும், ஒட்டாவிட்டால் உள்ளே பட்டி மாவு பூசி நசுங்கலை மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முதல் கோயிலுக்குக் கூட்டிப்போனபோது, காது உடைந்த ஒரு நந்தியின் கழுத்தில் அந்தக் காந்தத்தை வைத்துப் பார்த்தார். அது கீழே விழுந்தது.

"கல்லு சார்" என்றேன்.

"தெரியும் மா. பழக்கம்" என்று குனிந்து எடுத்துக்கொண்டார். எடுக்கும்போது காதையும் ஒரு பார்வை பார்த்தார். நான் கேட்காமலேயே பதில் வந்தது. இரண்டு சொல்.

அவருக்கு உலகமே ஒரு பழைய அடி. எனக்குக் காய்ச்சல் வந்து விடுப்புக் கேட்டபோது, "திங்கக்கிழமையே உன் தொண்டை கரகரன்னு இருந்துச்சே" என்றார். அவர் சொன்னதால் விடுப்பு ஒன்றும் குறையவில்லை, ஆனால் நான் வீட்டில் படுத்துக்கொண்டு என் காய்ச்சலின் தொடக்கத்தைப் பற்றி நிறைய யோசித்தேன். கூட வேலை செய்த ஒரு பெண்ணைக் காதலன் விட்டுப் போனான். அவள் அழுதுகொண்டிருந்தாள், நாங்கள் சுற்றி நின்று தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். அவர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்து, "இது ஆறு மாசத்து அடி மா. இப்பதான் பெயிண்ட் உரிஞ்சிருக்கு" என்றார். அவள் அழுகையை நிறுத்தி, கணக்குப் போட்டுப் பார்த்து, "ஆமா சார்" என்றாள். அதன்பிறகு அவளுடைய சோகங்களை எங்களிடம் சொல்வதில்லை, நேராக அவரிடம்தான் போவாள்.

தன் முழங்காலையும் அவர் விட்டுவைக்கவில்லை. படியேறச் சிரமப்பட்டார். மல்லேஸ்வரத்தில் ஒரு டாக்டரிடம் போய்வந்தார். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"புதுசா ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னாரு. நான் ஒத்துக்கல."

"அப்புறம்?"

"எக்ஸ்ரே எடுத்துக் காட்டினாரு. படம் சரியில்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

ஏரிக்கரையில் இருந்த ஒரு கோயில் மண்டபத்துக்கு நாங்கள் முதல் தடவை போனது இந்த முழங்காலோடுதான். ஓசூர் ரோடு நெரிசலில் நின்ற ஒவ்வொரு வண்டியின் பம்பரையும் அவர் தீர்ப்பிட்டுக்கொண்டே வந்தார். கோயில் சின்னது. அதற்கு முன்னால் தூண்களும் கல்கூரையுமாக ஒரு திறந்த மண்டபம். கோயில் டிரஸ்ட்டின் செயலாளர், எதிரே மாவு மில் வைத்திருந்த ஒரு கன்னடத்து அம்மா. புருவத்திலும் புடவையிலும் எப்போதும் கொஞ்சம் ராகி மாவு இருக்கும். தமிழ், என்னைவிட வேகமாகப் பேசுவார்.

"நோடி மேடம், விஷயம் இவ்ளோதான்" என்றார் என்னிடம். "வருசா வருசம் ஜாத்திரைத் திருவிழாவுக்கு இங்கதான் சமையல், இதுக்கு அடியிலதான் ஊரு ஜனம் உக்காந்து சாப்பிடும். போன மழைக்கு அப்புறம் அந்த மூலைத் தூண் மேல விரிசல் பெருசாயிருக்குன்னு எனக்குத் தோணுது. மூடணும்னா மூடிடறேன், ஊர்ல திட்டுனா திட்டட்டும். மூட வேணாம்னா விட்டுடறேன். ஏதோ ஒண்ணு சொல்லுங்க. ஒரு கொழந்த தலையில கல்லு விழுந்துச்சுன்னா என்னால மில்லு ஓட்ட முடியாது."

சர்வேயர் விரிசலைப் பார்த்தார். கண்கள் சுருங்கின. சர்வீஸ் முழுக்கக் கேட்ட கேள்விகள் தாமாக வெளியே வந்தன.

"சம்பவம் எப்ப நடந்துச்சு?"

"சம்பவமா? மழ பெஞ்சப்போ சார்."

"சம்பவத்தப்ப உள்ள யாரு இருந்தது?"

"சாமி இருந்தாரு."

"வேற சாட்சி?"

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "யாரும்மா இவரு? போலீஸா?"

அவர் விரிசலின் கீழ்ப்பகுதியைக் கட்டைவிரலால் தேய்த்தார், முகர்ந்தார், குறுக்கே கட்டியிருந்த சிலந்தி வலையைச் சுட்டிக்காட்டினார். "சிலந்தி வீடு கட்டிக் குடித்தனம் பண்ணிட்டிருக்கு. பழைய அடி." எங்களோடு வந்திருந்த பொறியாளர் எதற்கும் இருக்கட்டும் என்று, விரிசலின் குறுக்கே, உயரத்தில், மெல்லிய ஒரு கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் சாந்து வைத்து ஒட்டினார். கல் நகர்ந்தால் கண்ணாடி உடையும், அவ்வளவுதான். தூணின் மறுபக்கத்தைப் பார்க்கிற மாதிரி எங்கள் கேமராவைப் பொருத்தினோம். கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார்: "அப்ப மூடணுமா வேணாமா?"

"கம்ப்யூட்டர் சொல்லும் மா" என்றார் அவர்.

அதன்பிறகு அவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து படங்களைப் பார்த்தார். முழுப் படமும் திரையில் வருவதற்குள் பொத்தானை அழுத்திவிடுவார். அந்த வேகம் எங்களுக்குப் பெருமையாக இருந்தது. அவர் குறித்துக் கொடுத்ததை எல்லாம் வைத்துக் கணினியைப் பயிற்றுவித்தோம். ஜாத்திரைக்கு முந்தைய வாரம் ஊரே மிதக்கிற மாதிரி ஒரு மழை பெய்தது. அண்டர்பாஸ்களில் பேருந்துகள் நின்றன, எங்கள் கீழ்ப் பட்டறைக்குள் தண்ணீர் வந்து பாய் ஸ்டூலின் மேல் உட்கார்ந்து வேலை செய்தார். மறுநாள் காலை எல்லாக் கோயில்களின் அறிக்கையும் வந்தது. எல்லாவற்றிலும் ஒரே வரி: பழைய மாற்றம், நடவடிக்கை தேவையில்லை.

நிறுவனர் மகிழ்ந்தார். எனக்குச் சரியாகப் படவில்லை. இப்படி ஒரு மழைக்குப் பிறகு ஒரு கல்கூடவா அசையாது?

சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்ப்பது என் வழக்கம். மொட்டை மாடியில் ஒரு கூரை ஓடு கிடந்தது, அதைப் படமெடுத்தேன். கீழே போட்டு உடைத்தேன். மறுபடி படமெடுத்து இரண்டையும் கணினிக்குக் கொடுத்தேன். பழைய மாற்றம், நடவடிக்கை தேவையில்லை. ஒரு செங்கலை உடைத்தேன். அதுவும் பழசு. ஓர் அகல்விளக்கு. பழசு. பூஜைக்கு வாங்கி வைத்திருந்த தேங்காயை, தண்ணீர் சொட்டச் சொட்ட உடைத்துக் காட்டினேன். பழைய மாற்றம்.

சத்தம் கேட்டு அவர் மேலே வந்தார். திரையைப் பார்த்தார். தேங்காயைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஏம்மா, என்னை மாதிரியே பேசுது!"

சந்தோஷம் தாங்காமல் பாயை மேலே கூப்பிட்டுக் காட்டினார். பாய் நனைந்த லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, விவரத்தைக் கேட்டு, நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"யா அல்லா, இன்னொண்ணா! இவரு ரிடயர் ஆயிட்டாருன்னு பட்டறைக்காரங்க எல்லாம் பிரியாணி போட்டோம் மேடம். இது ரிடயரே ஆகாதே!"

பாய் இறங்கிப்போன பிறகு நான் அவர் குறித்த பதிவுகளைத் திறந்து காட்டினேன். 'புதுசு' என்று அவர் அழுத்தியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"சார், இவ்வளவு படத்துல இவ்வளவுதானா புதுசு?"

அவர் உடைந்த தேங்காய் மூடியைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். "புதுசுன்னு எழுதினா ஆதாரம் காட்டணும் மா. மேல இருக்கறவன் பத்துக் கேள்வி கேப்பான், ஏன் பாஸ் பண்ணினேன்னு. பழசுன்னு எழுதினா ஒரு பய கேக்க மாட்டான்."

"இங்க மேல யாரும் இல்லையே சார்."

"அது கைக்குத் தெரியலையே" என்றார்.

"மண்டபத்துக்கும் பழசுன்னுதான் வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை ஜாத்திரை."

தேங்காயைக் கீழே வைத்தார். அன்றும் மறுநாளும் மற்றவர்களோடு பேசாமல் உட்கார்ந்து, கடந்த சில மாதப் படங்களை எல்லாம் மறுபடி பார்த்தார். 'புதுசு' பொத்தானின் மேல் விரல் போகும், நிற்கும், சுற்றிலும் ஒரு பார்வை, பிறகு அழுத்துவார். பல்பிடுங்கிய முகம். சில சமயம் சத்தமாகவே பேரம் நடக்கும்: "இது புதுசா இருக்க ஸ்வல்ப வாய்ப்பு இருக்கு... சரி, ஆய்த்து, போ." நாங்களும் கூட உட்கார்ந்து குறித்தோம். சனிக்கிழமை கணினி புதுப் பாடத்தைப் படித்து முடித்தது. ஏரிக்கரைக் கோயிலின் படங்களைக் கொடுத்தேன்.

இப்போது அது எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டது. நான்கு அபாய அறிவிப்புகள். எழுதி வைத்துக்கொண்டேன். ஒன்று, கோயில் வாசலில் படுத்திருந்த நாய் நிழலைத் தேடி இடம் மாறியிருந்தது. இரண்டு, பிராகாரத்தில் யாரோ உலர்த்தியிருந்த சிவப்புச் சேலை. மூன்று, நந்தியின் நெற்றியில் புதிதாக இட்ட குங்குமம். நான்கு, மண்டபத்தின் மூலைத் தூண், கூரைக்கல்லோடு சேரும் இடம்.

"பார்த்தியா" என்றார் அவர், இழந்த கௌரவத்தில் பாதி திரும்பக் கிடைத்தவர்போல. "மூணு பொய் க்ளெய்ம் கொடுத்தவன் நாலாவத மட்டும் நிஜமாவா கொடுப்பான்?"

"நாலையும் நேர்ல பாத்துடலாம் சார்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஊரே தோரணமாக இருந்தது. மண்டபத்துக்குள் மூன்று பெரிய அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. இடுப்பில் துண்டு கட்டிய தலைமைச் சமையல்காரர், படகுத் துடுப்பு மாதிரி ஒரு கரண்டியால் புளியோதரைக்குப் புளி காய்ச்சிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பெண்கள் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் தூணுக்குத் தூண் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் அம்மா எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தார்.

"மூடணுமா வேணாமா?" வேறு எதுவும் கேட்கவில்லை, வாங்க என்றுகூட.

முதலில் நாயைப் பார்த்தேன். நலமாக இருந்தது. அவர் நேராக மூலைத் தூணுக்குப் போனார். ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். கேமராவுக்கு மறைவான பக்கத்தில் ஒட்டியிருந்த அந்தக் கண்ணாடித் துண்டு இரண்டாக உடைந்திருந்தது.

அவர் ரொம்ப நேரம் இறங்கவில்லை. அவர் தனக்குத்தானே பேசிக்கொள்வது கீழே நின்ற எனக்குக் கேட்டது.

"ஆடு முட்டியிருக்கும்... இவ்ளோ உசரத்துல ஏது ஆடு. பசங்க கல்லெறிஞ்சிருப்பாங்க... கல்லு பட்டிருந்தா நொறுங்கியிருக்கும். இது இழுத்து உடைஞ்சிருக்கு. வெயில்ல வெடிச்சிருக்கும்... வெடிச்சா விரிசல் கோட்டுலயேவா வெடிக்கும்?" உடைந்த ஓரத்தில் விரலை வைத்தார். விரலைப் பார்த்தார். "ஓரத்துல ஒரு பொட்டுத் தூசி இல்ல."

வேறு காரணம் எதுவும் கிடைக்கவில்லை. இறங்கி வந்து என் முன்னால் நின்றார். மருத்துவமனை வராந்தாவில் பேசுகிற குரலில், "புதுசு மா" என்றார்.

"அப்பிடின்னா?" என்றார் செயலாளர் அம்மா.

"மூடுங்க."

"எப்ப?"

"இப்ப. இந்த நிமிஷம். அடுப்ப அணைங்க!"

அந்தக் குரல் அவருக்குள் இருந்தது என்று எனக்கு அதுவரை தெரியாது. காய் நறுக்கிய பெண்கள் கத்தியைத் தூக்கியபடி நின்றார்கள். சமையல்காரர் மட்டும் கரண்டியை நிறுத்தவில்லை.

"எதுக்கு சார்?" என்றார். அவரும் தமிழ்க்காரர்தான். கோலார் பக்கம்.

"மேல விரிசல் பாருங்க."

சமையல்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அதுவா? என் அப்பா இங்க சமைச்ச காலத்துலேர்ந்து இருக்கு சார். பழசு சார் அது."

சர்வேயரின் கை சட்டைப்பையில் காந்தத்தைத் தேடியது.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆளுக்கொரு மொழியில் அதையே சொன்னார்கள். பழசு. ஹளேது. வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் பெஞ்சின்மேல் ஏறி, விரிசலைக் கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்து, விரலை எல்லோருக்கும் காட்டினார். "பாருங்க, எத்தன வருசத்து அழுக்கு! சும்னே பயமுறுத்தறாரு."

"பழசுதான்!" என்று எங்கள் சர்வேயர் கத்தினார். "யாருய்யா இல்லன்னது? பழசுதான். பழைய அடி மேல புதுசா தெறந்திருக்கு. போன மாசம் ஒட்டின கண்ணாடி உடைஞ்சிருக்கு, கண்ணு தெரியலையா?"

"கண்ணாடி கை தவறி உடையும் சார்" என்றார் வேட்டிக்காரர் பொறுமையாக. "ஆதாரம் இருக்கா?"

சர்வேயர் என்னைப் பார்த்தார். நான் கணினியின் அறிவிப்பைக் காட்டினேன். வேட்டிக்காரர் பார்த்தார். முதலில் அவர் கண்ணில் பட்டது நாய். அவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கையைப் பிசைந்துகொண்டு, கூரையையும் தூணைச் சுற்றி ஓடும் குழந்தைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கே வானம் கறுத்திருந்தது.

அப்போது அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கத்துவதை நிறுத்தினார். சட்டையைச் சரி செய்துகொண்டு அடுப்பருகே போனார். பெரிய அண்டாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இது வாடகையா, சொந்தமா?"

"சொந்தம் சார்" என்றார் சமையல்காரர்.

"வெளிய நிக்கிற டெம்போ?"

"அதுவும் சொந்தம்தான். ஏன்?"

"இன்சூரன்ஸ் இருக்கா?"

"இருக்கு."

"நான் யாரு தெரியுமா? சர்வேயர். கல்லுக்கு அடியில நிக்காத, எச்சரிக்கை கொடுத்தாச்சுன்னு சொல்லியும் கேக்காம நின்னா, அண்டா நசுங்குனாலும் சரி, டெம்போ நசுங்குனாலும் சரி, ஒரு பைசா வராது. நானே போய்ச் சொல்லுவேன். அடுகோடில எந்தப் பட்டறையில வேணா கேட்டுப் பாரு, என் கிட்டேர்ந்து யாராச்சும் க்ளெய்ம் வாங்கியிருக்காங்களான்னு."

சமையல்காரர் கரண்டியை நிறுத்தினார். கூரை விழும் என்பதை அவர் நம்பவில்லை. இந்த மனிதர் பணம் தர மாட்டார் என்பதை முழுமையாக நம்பினார். ஒரு கணம் அண்டாவைப் பார்த்தார், பிறகு தன் ஆட்களைப் பார்த்து, "தூக்குங்கடா" என்றார்.

அண்டாக்கள் எதிரே இருந்த பள்ளிக்கூட வராந்தாவுக்கு நகர்ந்தன. சமையல் போன இடத்துக்குப் பெண்கள் போனார்கள், பெண்கள் போன இடத்துக்குக் குழந்தைகள் போனார்கள். செயலாளர் அம்மா மில்லிலிருந்து மாவு மூட்டை கட்டும் கயிற்றைக் கொண்டுவந்து தூணுக்குத் தூண் சுற்றினார். திட்டிக்கொண்டே போனவர்களுக்கு எல்லாம் ஒரே பதில் சொன்னார்: "ஆய்த்து, திட்டுங்க. அந்தப் பக்கம் நின்னு திட்டுங்க."

பந்தி போடும் நேரத்தில் மழை வந்தது. ஏரி எது, தெரு எது என்று தெரியாத மழை. ஊர் முழுவதும் பள்ளிக்கூட வராந்தாவில் நெருக்கியடித்து நின்று எதிரே இருந்த மண்டபத்தைப் பார்த்தது. வாணவேடிக்கைக்குக் காத்திருக்கும் கூட்டம்போல இருந்தது. ஒரு சின்னப் பெண் "எப்பம்மா விழும்?" என்று கேட்டு அடி வாங்கினாள். கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் திரை திரையாகக் கொட்டியது. இடி இடித்தபோது எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்தோம்.

மழை நின்றது. மண்டபமும் நின்றது. ஒரு கல்கூட அசையவில்லை.

அந்தத் தூணின் அடிமண்ணை ஏரித் தண்ணீர் அரித்துக் குடைந்திருந்ததைப் பொறியாளர் வந்து தோண்டிப் பார்த்துச் சொன்னதும், இரும்பு முட்டுக் கொடுத்ததும் அடுத்த வாரம்தான். அன்று எங்களிடம் இருந்தது ஓர் உடைந்த கண்ணாடியும், இடம் மாறிய ஒரு நாயும் மட்டும்.

செயலாளர் அம்மா சர்வேயர் பக்கத்தில் வந்து நின்றார். அந்த அம்மாவின் முகத்தில் நிம்மதி இருந்தது. கூடவே, ஊருக்கு என்ன பதில் சொல்வது என்ற சங்கடமும் இருந்தது.

"விழலையே சார்."

"விழலை மா" என்றார் அவர்.

பழக்கத்தில் கைபேசியை எடுத்துப் படம் எடுக்கப் போனார். ஒரு கோணம் பார்த்தார், இரண்டடி தள்ளிப்போய் இன்னொரு கோணம் பார்த்தார். நசுங்கியது இல்லை, உடைந்தது இல்லை, எங்கே குறிவைப்பது என்று அவருக்குப் புரியவில்லை. "எல்லாம் ஆனதுக்கு அப்புறம்தான் மா என்னைக் கூப்பிடுவாங்க" என்றார் என்னிடம், ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல. "முன்னாடியே வந்தா என்ன பண்றதுன்னு தெரியல." கடைசியில் மண்டபம் முழுவதும் வருகிற மாதிரி, சுற்றுலா வந்தவர் எடுப்பதுபோல, ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

வராந்தாவில் இலை போட்டார்கள். அவருக்கும் எனக்கும் முதல் பந்தியிலேயே இடம். வேட்டிக்காரர் எதிர்வரிசையில் உட்கார்ந்து, "மண்டபம் எப்பிடி இருக்கு சார்?" என்று நலம் விசாரித்தார். வரிசையே சிரித்தது. சமையல்காரர் புளியோதரை வாளியோடு வந்தார். சர்வேயர் இலைக்கு முன்னால் நின்று, திரும்பி மண்டபத்தை ஒரு பார்வை பார்த்து, "இன்னும் விழலை சார்" என்று ஒரு கரண்டி வைத்தார். அடுத்த சுற்றில் பயத்தம்பருப்புக் கோசம்பரி: "இன்னும் விழலை சார்." பாயசம் வந்தபோது வரிசை முழுவதும் சேர்ந்தே சொன்னது.

அவர் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போதும் என்று இலைக்கு மேல் கை நீட்டி மறிக்கவே இல்லை. வைத்ததை எல்லாம் வாங்கிக்கொண்டார்.